நாற்பது யார் பின்னால்

பட்டணத்துப் பேருந்து நிலையத்தில் பதினெட்டு வருடமாக நேரக்காப்பாளராக இருக்கும் குகதாசனின் சொல்லை அங்கே ஒருவரும் இலேசில் கேட்பதில்லை. காரைநகர் பஸ் எடுக்கலாம் என்று அவர் சொன்னால், சாரதி வாயிலிருக்கும் வெற்றிலையை ஆறுதலாகத் துப்பி, முகம் கழுவி, பிறகுதான் ஏறுவார். "அண்ணை, ரண்டு நிமிசம்" என்று விட்டுப் போகும் நடத்துநர் பத்து நிமிடம் கழித்துத் தேநீர்க் கடையிலிருந்து வருவார். குகதாசன் பேனையின் பின்பக்கத்தால் மேசையில் இரண்டு தரம் தட்டுவார். அவருடைய கோபம் அதற்கு மேல் போனதில்லை.

சனி, ஞாயிறில் அவர் வேறு ஆள். கறுப்பு மேற்சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் போட்டு, நெஞ்சுப் பையில் மஞ்சள் அட்டையையும் சிவப்பு அட்டையையும் வைத்துக்கொண்டு மைதானத்தில் இறங்கினால், அவர் ஊதும் ஒரு விசிலுக்கு இருபத்திரண்டு பேர் நின்ற இடத்தில் நிற்பார்கள். கோட்டுக்கு வெளியே நிற்கும் ஆயிரம் பேர் அவருடைய கை எந்தப் பக்கம் நீளுகிறது என்று பார்ப்பார்கள். திட்டுவார்கள்தான். ஆனால் கேட்பார்கள்.

சண்டிலிப்பாயில் மரக்கறித் தோட்டம் செய்த குடும்பம் அவருடையது. பள்ளிக்கூடத்து உதைபந்தாட்ட அணியில் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்த பெடியன். பதினேழு வயதில் ஊரோடு இடம்பெயர்ந்து, திரும்பி வந்தபோது படிப்பும் விட்டுப் போயிற்று, விளையாட்டும் விட்டுப் போயிற்று. சண்டை முடிந்த மறு வருடம் மத்தியஸ்தர் பரீட்சைக்கு விண்ணப்பம் கோரினார்கள். நாற்பது பேர் எழுதினார்கள். சித்தியடைந்த பதினொரு பேரில் அவரும் ஒருவர். அன்றிலிருந்து பதின்மூன்று வருடமாக வலிகாமத்தில் அவர் ஊதாத மைதானம் இல்லை. ஆனாலும் ஒரு இறுதியாட்டத்துக்குக்கூட அவரை நடு மத்தியஸ்தராகப் போட்டதில்லை. முதற்சுற்று, இரண்டாம் சுற்று, கோட்டோரத்தில் கொடி பிடிப்பது, இவைதான் அவருக்கு வரும். அதைப் பற்றி அவர் மனைவி உதயகலாவிடம்கூட வாய்திறந்து குறைப்பட்டதில்லை. அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

குதிக்கால் நோ தொடங்கியது நாற்பத்தைந்தாவது வயதில். குதிக்கு மேலே, கெண்டைச் சதையைக் காலோடு கட்டியிருக்கும் தடித்த நாரில், கொட்டைப்பாக்களவு ஒரு தடிப்பு வந்தது. காலையில் கட்டிலால் இறங்கி முதல் பத்து அடி வைப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். நடக்க நடக்கக் கொஞ்சம் இளகும். ஓடிவிட்டு இருந்து எழும்பினால் மறுபடியும் பிடிக்கும். எண்ணெய் பூசினார், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார், ஐஸ் கட்டி வைத்தார். அந்த வருடத்து உடற்தகுதிப் பரீட்சையன்று இரண்டு நோக்குளிசையை விழுங்கிவிட்டு ஓடினார். விசில் ஊதுவதற்குள் கோட்டைத் தொட வேண்டும்; கடைசி ஓட்டத்தில் அவருடைய கால் கோட்டைத் தொட்டதும் விசில் ஊதியதும் ஒன்றாக இருந்தன. சித்தி என்று எழுதினார்கள்.

ஆடி நடுவில், பெருங்கிண்ணச் சுற்றுப்போட்டி தொடங்கிய நேரம், மத்தியஸ்தர் சங்கத்துச் செயலாளர் சண்முகநாதன் மாஸ்டர் பேருந்து நிலையத்துக்கே வந்தார். ஓய்வுபெற்ற அதிபர். மத்தியஸ்தர்கள் எல்லோரையும் பழைய மாணவர்களைப் போலத்தான் நடத்துவார்.

"குகதாசன், இந்தமுறை பைனலை உம்மட்டைக் குடுப்பம் எண்டு இருக்கிறம். ஆவணி கடைசி ஞாயிறு. உடம்பைக் கவனமா வைச்சிரும்."

"ஓம் மாஸ்டர்" என்றார் குகதாசன். மாஸ்டர் போனபின், அடுத்த கீரிமலை பஸ்ஸுக்கு நேரம் சொல்ல மறந்துவிட்டார்.

அந்தக் கிழமையே அவர் பட்டணத்தில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்குப் போனார். அங்கே அதிர்வலைச் சிகிச்சைக்கு ஒரு இயந்திரம் புதிதாக வந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். இயன்மருத்துவர் ஆரணி, இருபத்தேழு இருபத்தெட்டு வயதுப் பிள்ளை. அவர் கொண்டுபோன ஸ்கான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவரைக் குப்புறப் படுக்கவைத்து, விரலால் அழுத்தி நோவுள்ள இடத்தைக் கண்டுபிடித்து, பேனையால் ஒரு வட்டம் போட்டாள்.

"கறன்ற் பிடிக்கிறதோ மிஸ்?" என்று அவர் கேட்டார்.

"கறன்ற் இல்லை அங்கிள். இந்தக் கைபிடிக்குள்ளை காத்து அமுக்கத்திலை ஒரு சின்ன இரும்புத்துண்டு வந்து வந்து அடிக்கும். அந்த அடி அலையாத் தோலுக்குள்ளாலை போய் நாரிலை படும். உங்கடை நார் கனகாலமா ஆறாமல் அப்பிடியே கிடக்கு. உடம்பும் அதை மறந்துபோச்சு. நாங்கள் தட்டித் தட்டி, இஞ்சை ஒரு காயம் கிடக்கு, வந்து பார் எண்டு உடம்புக்குச் சொல்லுறம். ஆத்திறது உடம்புதான்."

குளிர்ந்த ஜெல்லைப் பூசி, துவக்குப் பிடி போன்ற அந்தக் கருவியை வட்டத்தின் மேல் வைத்தாள். டக்கு டக்கு டக்கு என்று அது அடிக்கத் தொடங்கியதும் குகதாசன் கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்தார். சின்னச் சுத்தியலால் எலும்பில் தட்டுவது போலிருந்தது. திரையில் எண்கள் ஏறின. ஐந்நூறு, அறுநூறு. ஆயிரத்துக்கு மேல் போனபோது நோ மங்கி, அந்த இடமே வேறு யாருடையதோ போலாயிற்று. இரண்டாயிரத்தில் நிறுத்தினாள்.

இறங்கி நடந்து பார்த்தார். நோகவில்லை.

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஆரணி சொன்னாள்: "இது சுகம் இல்லை அங்கிள். அடிச்ச இடம் மரத்துப்போய்க் கிடக்கு. ஒருநாள், ரண்டுநாள் இப்பிடி இருக்கும். அதை நம்பி ஓடிப்போடாதேங்கோ. கிழமைக்கு ஒருக்காப்படி ஆறுதரம் அடிக்கவேணும். அடிக்கிற காலமும், பிறகு ஒரு ஆறு கிழமையும் ஓட்டம், பாய்ச்சல் ஒண்டும் கூடாது. நோக்குளிசையும் போடக்கூடாது. நாரை ஆற விடாது. என்ன வேலை செய்யிறியள்?"

"பஸ் ஸ்ராண்டிலை ரைம் கீப்பர்."

"இருந்து செய்யிற வேலைதானே. வேறை ஓடித் திரியிற வேலை ஒண்டும் இல்லையே?"

"இல்லை" என்றார் குகதாசன்.

பொய் சொல்ல வேண்டும் என்று அவர் திட்டமிட்டு வரவில்லை. அந்தச் சொல் அவ்வளவு இலகுவாக வந்ததுதான் அவருக்கே வியப்பு. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், கேட்டது வேலையைப் பற்றித்தானே, விளையாட்டைப் பற்றி இல்லையே என்று தனக்குள் நியாயம் சொல்லிக்கொண்டு போனார்.

புதன்கிழமைகளில் சிகிச்சை. சனிக்கிழமைகளில் போட்டி. இரண்டாவது கிழமையிலேயே அவர் ஒரு கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார். புதன் அடித்தால் வெள்ளிவரை நோ அடங்கிக் கிடக்கும், சனியன்று திரும்ப வந்துவிடும். அதனால் முறையை வெள்ளிக்கு மாற்றித்தரக் கேட்டார். வேலையில் முறை மாறிவிட்டது என்று காரணம் சொன்னார். இதுவும் பொய். வெள்ளி பின்னேரம் இரண்டாயிரம் அடி, சனி பின்னேரம் தொண்ணூறு நிமிட ஓட்டம். கால் இறுதி ஆட்டத்தை அப்படித்தான் ஊதி முடித்தார். ஞாயிறு காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கிணற்றடிக்குப் போனார்.

உதயகலா முன்பள்ளி ஆசிரியை. முப்பது குழந்தைகளின் களவைப் பார்த்துப் பழகியவள். ஒருநாள் அவருடைய நீளக் காலுறையைத் தோய்க்க எடுத்தபோது அதற்குள் ஒரு குளிசை அட்டை இருந்தது. அதில் நாலு குளிசை குறைந்திருந்தது.

"இஞ்சேருங்கோ, குளிசை போடக்கூடாது எண்டு அந்தப் பிள்ளை சொன்னதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"ஓம்."

"பிறகு?"

"பைனல் முடியட்டும் கலா. ஒரே ஒரு ஆட்டம். பிறகு நீ சொல்லுற மாதிரி ஆறுமாதமும் கட்டிலிலை கிடக்கிறன்."

"நான் கட்டிலிலை கிடக்கச் சொல்லேல்லை. ஏலாதெண்டால் ஏலாதெண்டு மாஸ்டருக்குச் சொல்லுங்கோ. வேறை ஆளைப் போடுவினம்."

"அதுதான், போட்டிடுவினம்" என்றார் அவர். அவள் காலுறையைத் தோய்த்துக் கொடியில் போட்டாள். குளிசை அட்டையை அவருடைய மேசையில் வைத்தாள். அதை எறிந்துவிட அவளுக்கு மனம் வரவில்லை. பதின்மூன்று வருடம் அவரோடு சேர்ந்து அவளும் அந்த ஞாயிறுக்குக் காத்திருந்தவள்தான்.

இறுதியாட்டம் ஞாயிற்றுக்கிழமை. ஆறாவது சிகிச்சையைச் சனி பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டார். "போன கிழமையும் வீக்கம் குறையேல்லையே அங்கிள். வீட்டிலை படியிலை நிண்டு செய்யச் சொன்ன பயிற்சி செய்யிறியளோ?" என்று ஆரணி கேட்டாள். செய்கிறேன் என்றார்.

மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு வெளியே மதிலில், மரத்தில், லொறியின் கூரையில் என்று சனம். நீலவானம் கழகத்துக்கும், கரையோர ஊரிலிருந்து வந்த வெண்பறவை கழகத்துக்கும் ஆட்டம். முதற்பாதியில் ஆளுக்கொரு கோல். வெண்பறவையின் முன்வரிசை ஆட்டக்காரன் லக்சன், இருபத்திரண்டு வயது. கெட்டிக்காரன், ஆனால் தொட்டால் விழுவான் என்று மத்தியஸ்தர்களிடையே அவனுக்கு ஒரு பெயர். முதற்பாதியில் ஒருமுறை அப்படி விழுந்துவிட்டு வாதாடியதற்கு அவனுக்கு மஞ்சள் அட்டை காட்டினார் குகதாசன். அது சரியான தீர்ப்பு. பக்கத்தில் நின்று பார்த்துக் கொடுத்தது.

அறுபதாவது நிமிடத்துக்கு மேல் மரத்தது விட்டுப்போய், குளிசையும் அடங்கிப்போயிற்று. ஒவ்வொரு அடிக்கும் குதியில் கயிறு முறுக்கி இழுத்தது போலிருந்தது. வலது காலை அரைவாசி ஊன்றி ஓடினார். பந்து போகும் இடத்துக்குப் போகாமல், போகக்கூடிய இடத்தை ஊகித்து முன்னதாகவே போய் நிற்கத் தொடங்கினார். பதின்மூன்று வருட அனுபவம் அதற்குக் கைகொடுத்தது. எழுபத்தெட்டாவது நிமிடம் வரைக்கும்.

நீலவானத்துக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. குகதாசன் வெண்பறவையின் கோலடியில் நின்றார். பந்து தலையில் பட்டுத் திரும்பி வெளியே வந்தது. லக்சன் அதை எடுத்தான், ஓடினான். முன்னால் ஒரே ஒரு தடுப்பாட்டக்காரன். மைதானம் முழுக்க எழுந்து நின்றது. மத்தியஸ்தரும் கூட ஓட வேண்டும். குகதாசன் ஓடினார். நடுவட்டத்துக்கு வந்ததும் கால் மறுத்துவிட்டது. குனிந்து கெண்டைக்காலைப் பிடித்தார். நிமிர்ந்தபோது தூரத்தே கோலடியில் இரண்டு பேர் புழுதிக்குள் விழுந்து கிடந்தார்கள். இடையில் நாற்பது யார் தூரம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பின்னால் ஓடிப்போனவர்களின் முதுகுகள்தான். கோட்டோரம் கொடி பிடித்தவருக்கும் ஆட்கள் மறைத்துவிட்டார்கள்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். விசிலை ஊதினார். ஊதிவிட்டு நடந்தார், ஓட முடியாததால். அந்த நாற்பது யாரையும் நடந்து முடிப்பதற்குள் ஒரு தீர்ப்பு வேண்டும். யார் காலை யார் தட்டியது என்று தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: இவன் விழுகிறவன். முன்னமும் விழுந்தவன்.

லக்சன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

"எழும்பு" என்றார் குகதாசன், கயிற்றடியில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி. "நடிக்காதை. படுக்கிறதுக்கோ கிறவுண்டுக்கு வந்தனீ?"

மஞ்சளை எடுத்தார். இரண்டாவது மஞ்சள். பிறகு சிவப்பு. கிடந்தவனுக்கு மேலே அதை உயர்த்திப் பிடித்தார். லக்சனை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். பத்துப் பேரோடு ஆடிய வெண்பறவை எண்பத்தாறாவது நிமிடத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றது. பொலிசார் சுற்றி நின்றுதான் குகதாசனை மைதானத்தால் வெளியே கொண்டுவந்தார்கள்.

கோலுக்குப் பின்னால் நின்ற ஒருவர் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் எடுத்திருந்தார். தடுப்பாட்டக்காரனின் பாதம் பந்தைத் தொடவே இல்லை. லக்சனின் கணுக்காலில் நேராக இறங்கியது. அது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால், தூரத்தில், நடுவட்டத்தில் குனிந்து காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கறுப்புச் சட்டைக்காரரும் தெரிந்தார். யாரோ அவரைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "நொண்டி றெஃப்றி" என்று எழுதிப் போட்டிருந்தார்கள். மட்டக்களப்பில் படிக்கும் மகள் தனுஷா அன்றிரவே அழைத்தாள். "அப்பா, ரண்டு நாளைக்குப் பேஸ்புக் பாக்காதேங்கோ" என்றாள். அதற்கு முன்பே அவர் பதினைந்து தரம் பார்த்திருந்தார்.

புதன்கிழமை கால் நிலத்தில் ஊன்ற முடியாமல் சிகிச்சை நிலையத்துக்குப் போனார். ஆரணி அவரைப் படுக்கச் சொன்னாள். இயந்திரத்தைப் போடவில்லை. கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீடியோ பாத்தன் அங்கிள்."

குகதாசன் தலையணையில் முகத்தை வைத்தபடியே கிடந்தார்.

"எங்கடை வீட்டிலை எல்லாரும் சிரிச்சுக்கொண்டு பாத்தவை. எனக்குச் சிரிப்பு வரேல்லை. நடையைப் பாத்தவுடனை எனக்கு ஆளைத் தெரிஞ்சிட்டுது. முதல்நாள் பின்னேரம் நான்தானே அடிச்சு மரக்கப்பண்ணி அனுப்பினனான்."

"உங்களிலை பிழை இல்லை மிஸ்."

"என்னிலை பிழையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா என்ரை கையாலை செய்த வேலையை வைச்சு நீங்கள் என்ன செய்தனீங்கள்? நோ எண்டது உடம்பு சொல்லுற கதை. அதின்ரை வாயைப் பொத்திறதுக்கு என்னட்டை வந்திருக்கிறியள். நார் அறுந்திருந்தால் என்ன செய்திருப்பியள்?" பட்டியை எடுத்துப் பிரித்தாள். "எனக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் வேறை மாதிரிப் பாத்திருப்பன். ஏலாதெண்டு ஒரு துண்டு எழுதித் தந்திருப்பன்."

அந்தத் துண்டுக்குப் பயந்துதான் சொல்லவில்லை என்று அவர் சொல்லவில்லை. அவளுக்கு விளங்கியிருக்கும். அன்று இயந்திரம் ஓடவில்லை. காலைச் சுற்றிப் பட்டி கட்டி, மூன்று கிழமை ஊன்றுகோலோடு நடக்கச் சொல்லி அனுப்பினாள்.

அடுத்த நாள் சங்கத்து அறையில் சண்முகநாதன் மாஸ்டர் கதவைச் சாத்திவிட்டு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார்.

"வெண்பறவைக்காரர் முறைப்பாடு தந்திருக்கினம். உம்மடை அறிக்கை வேணும். 'நான் கிட்ட நிண்டு பாத்தனான், என்ரை பார்வையிலை அது நடிப்பு' எண்டு நீர் எழுதும். அவ்வளவுதான். பார்வை பிழைக்கலாம். பாத்துப் பிழைச்ச றெஃப்றியை ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது."

"வீடியோ இருக்கு மாஸ்டர்."

"வீடியோ எங்கடை சட்டத்திலை இல்லை. இதை ஒருக்கா விட்டமெண்டால் நாளைக்கு ஒவ்வொரு கழகமும் போனைத் தூக்கிக்கொண்டு வரும். பிறகு எந்தப் பெடியன் விசில் ஊத வருவான்? உமக்காகச் சொல்லேல்லை. எல்லாருக்குமாச் சொல்லுறன்."

மாஸ்டர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு நாள் தாருங்கள் என்று கேட்டு, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குகதாசன் வேலைக்குப் போனார். நேரக்காப்பாளர் கூண்டுக்குள் இருந்து பஸ்களுக்கு நேரம் சொல்லிக்கொண்டே, இடையிடையே எழுதினார். முதலில் ஒரு பக்கம் வந்தது. காலைப் பற்றி, சிகிச்சையைப் பற்றி, பதின்மூன்று வருடச் சேவையைப் பற்றி. அதைக் கிழித்துவிட்டு, திரும்ப நாலு வரி எழுதினார். சம்பவம் நடந்தபோது தான் நடுவட்டத்தில் நின்றதாகவும், தவற்றைத் தான் காணவில்லை என்றும், காணாமலே சிவப்பு அட்டை காட்டியதாகவும், காலில் நோ இருப்பதை மறைத்துத்தான் ஆட்டத்தை ஏற்றதாகவும்.

மாஸ்டர் அதை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீர் உம்மை மட்டும் வெட்டேல்லை" என்றார்.

சிவப்பு அட்டை நீக்கப்பட்டது. ஆட்ட முடிவு மாறவில்லை. குகதாசனுக்கு ஒரு வருடத் தடை, திரும்ப வருவதானால் உடற்தகுதிப் பரீட்சையிலிருந்து தொடங்க வேண்டும். வெண்பறவைக்காரர் நன்றி சொல்லவில்லை, கிண்ணம் போனது போனதுதானே. கூட விசில் ஊதிய மத்தியஸ்தர்கள் பேருந்து நிலையத்தைக் கடக்கும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரு நடத்துநர் பத்து நிமிடம் பிந்தி வந்து, "அண்ணை, இதையும் நீங்கள் பாக்கேல்லைத்தானே" என்றான். நின்றவர்கள் சிரித்தார்கள். குகதாசன் மேசையில் தட்டவும் இல்லை.

ஊன்றுகோலை விட்ட கிழமை அவர் லக்சனின் வீட்டுக்குப் போனார். உதயகலா கூட வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றார்.

கடற்கரை வீதியில் தகரக் கேற் போட்ட சின்னக் கல்வீடு. தாய் பியாட்றிஸ் வந்து கேற்றைத் திறந்து, ஆளை அடையாளம் கண்டு, ஒரு கணம் நின்றாள். பிறகு "வாங்கோ" என்றாள். லக்சன் வாசலில் கதிரையில் இருந்தான். கணுக்காலுக்கு மேல் வரைக்கும் பட்டி. நார் இரண்டு கிழிந்திருந்தது. கட்டடங்களுக்குப் பெயின்ற் அடிப்பதுதான் அவனுடைய தொழில். ஒரு மாதமாக ஏணியில் ஏறவில்லை.

குகதாசன் உட்காராமலே சொன்னார். தான் பார்க்கவில்லை என்றும், எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், மன்னிக்க வேண்டும் என்றும்.

பியாட்றிஸ் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். "நீங்கள் வந்து சொன்னது உங்களுக்கு நல்லது. உங்கடை மனம் ஆறும். எங்களுக்கு என்ன? பெடி வேலைக்குப் போகேல்லை. கொழும்புக் கழகத்துக்கு ஆள் எடுக்க வந்தவங்கள், அந்தக் கிழமையோடை போயிட்டாங்கள்."

"அம்மா, விடுங்கோ" என்றான் லக்சன். குகதாசனைப் பார்த்தான். "றெட் காட்டை விடுங்கோ சேர். பிழை விடுறதுதானே. நான் கால் நொந்து கிடக்கேக்கை, எழும்பு, நடிக்காதை, படுக்கவோ வந்தனீ எண்டு கேட்டீங்களெல்லோ. என்ரை ஊர்ச்சனம் எல்லாம் கேட்டது. பாக்கேல்லை எண்டால், அதை ஏன் சொன்னனீங்கள்?"

வரும் வழியில் அவர் எத்தனையோ கேள்விகளுக்கு விடை தயார் செய்திருந்தார். இந்தக் கேள்வி அதில் இல்லை.

"நான் பாக்கேல்லை எண்டது மற்ற ஆக்களுக்குத் தெரியக்கூடாது எண்டு" என்றார். "அதுதான் சத்தமாச் சொன்னனான்."

லக்சன் தலையாட்டினான். மன்னித்தேன் என்ற தலையாட்டல் இல்லை அது, விளங்கியது என்ற தலையாட்டல். பியாட்றிஸ் உள்ளே போய்ப் பிளேன்ரீ கொண்டுவந்தாள். வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாள். அவர் அதை நின்றபடியே குடித்துவிட்டுப் போய்வருகிறேன் என்றார். போக வேண்டாம் என்றோ வாருங்கள் என்றோ யாரும் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஆரணி சிகிச்சையை முதலிலிருந்து தொடங்கினாள். இம்முறை குகதாசன் அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தவறவில்லை. நோக்குளிசை தொடவில்லை. கிழமைக்கு ஒருமுறை இரண்டாயிரம் அடி. வீட்டு வாசற்படியின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று, குதியை மெல்ல மெல்லக் கீழே இறக்கும் பயிற்சி, காலையிலும் மாலையிலும் பதினைந்து பதினைந்தாக. உதயகலா எண்ணுவாள். மழைக்காலம் முழுக்க அப்படிப் போயிற்று. தையில் தடிப்பு மிளகளவாகச் சுருங்கியது. மாசியில் ஒரு காலை கட்டிலால் இறங்கிக் கிணற்றடிவரை போனபிறகுதான், இன்றைக்கு நோகவில்லையே என்று அவருக்கு நினைவு வந்தது. ஆரணி மெல்லோட்டத்துக்கு அனுமதி கொடுத்தாள். பிறகு வேகமாக ஓடவும் விட்டாள். சித்திரையில் கடைசி முறை பார்த்து, இனி வரத் தேவையில்லை என்றாள்.

தடைக்காலம் முடிந்து புரட்டாதியில் உடற்தகுதிப் பரீட்சை. எழுபத்தைந்து மீற்றரை விசில் ஊதுவதற்குள் ஓடி முடிக்க வேண்டும், இருபத்தைந்து மீற்றர் நடக்க வேண்டும், திரும்ப ஓட வேண்டும். இருபத்துநாலு தடவை. வந்தவர்களில் அவர்தான் மூத்தவர். யாரும் அவரோடு அதிகம் கதைக்கவில்லை. கால் பஞ்சுபோல இருந்தது. முதல் எட்டு ஓட்டத்தில் ஒரு தடங்கலும் இல்லை. பத்தாவதில் மூச்சு வாங்கியது. பன்னிரண்டாவதில் விசில் ஊதும்போது கோட்டுக்கு ஒரு அடி பின்னால் நின்றார். எச்சரிக்கை. பதின்மூன்றாவதில் இன்னும் பின்னால். போதும் என்று அவரை நிறுத்திவிட்டார்கள்.

குனிந்து முழங்காலைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு, குகதாசன் தன் குதிக்காலை மனதால் தேடினார். நோ இல்லை. இம்மியளவும் இல்லை. அங்கே குற்றம் சொல்ல ஒன்றுமே இருக்கவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்து சைக்கிளைச் சாத்தினார். உதயகலா அடுப்படியிலிருந்து வந்து முதலில் காலைத்தான் பார்த்தாள்.

"நொந்ததோ?"

"இல்லை. கால் நல்ல சுகம்."

அவள் முகம் மலர்ந்தது. அவர் சப்பாத்தைக் கழற்றாமல் படியில் உட்கார்ந்தார்.

"கலா, ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு எனக்குக் கால் சுகமா இருந்திருந்தால், அந்தப் பெடியனுக்குக் கிட்டப் போயிருப்பனோ?"

"போயிருப்பியள்தானே."

"தெரியேல்லை" என்றார் குகதாசன். "நோ வாறதுக்கு முதலே நான் பின்னுக்கு நிக்கத் தொடங்கியிட்டன் போலை கிடக்கு. எப்பவிலிருந்து எண்டு தெரியேல்லை. இன்னும் எத்தினை ஆட்டத்திலை பாக்காமல் ஊதினனோ."

உதயகலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவரே நாடாவை அவிழ்த்துச் சப்பாத்தைக் கழற்றினார். அடுத்த நாள் விடியக்காலை ஐந்தேகாலுக்கு முதல் பஸ், அவர் போய்த்தான் நேரம் சொல்ல வேண்டும்.